401கே கடன் எடுத்து மியாட்டாவில் வி8 என்ஜின் மாட்டலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். வயது 37. மனைவி வேலைக்குப் போகவில்லை. ஆறு வயதில் ஒரு மகள். வாடகை வீடு. குடும்பத்துக்கு ஒரு கார் தனியாக இருக்கிறது. அது போக என்னிடம் 1990 மாடல் மஸ்டா மியாட்டா ஒன்று உண்டு, இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். வாரத்தில் இரண்டு நாள் அதில்தான் ஆபீஸ் போவேன். இப்போது என்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் மூக்கு, அதாவது முன் முனை, தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். மூன்று வழி சொல்கிறார். வேறொரு பழைய 1.6 லிட்டர் என்ஜினை மாட்டினால் 3,800 டாலர். 1994 மாடலின் 1.8 என்ஜின் என்றால் 6,500. ஷெவர்லே எல்எஸ்1 என்ற எட்டு சிலிண்டர் வி8 என்றால் 32,000. எனக்கு வி8 மேல்தான் ஆசை. இப்படி மாற்றிய மியாட்டாக்களை 40,000 டாலர் வரை விலை போட்டு விற்கிறார்கள் என்பதால் இது ஒரு முதலீடும்தானே? ஆபீஸ் வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பான 401கேயில் 1,90,000 டாலர் இருக்கிறது. ஊரில் என்ஆர்இ எஃப்டி (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான வைப்பு நிதி) 25 லட்சம், போட்டு எட்டு மாதம் ஆகிறது, ஒரு வருட டெபாசிட். அவசரத்துக்கென்று மூன்று மாதச் செலவுப் பணம் கையில் உண்டு. 401கேயில் கடன் எடுக்கலாமா, எஃப்டியை உடைக்கலாமா? பழைய என்ஜினை என்ன செய்வது?

பதில்: கார் ஆசைக்காக உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. ஒரே நாள் வரவேற்புக்கு இதைவிடப் பெரிய தொகையை மண்டபத்திலும் பூ அலங்காரத்திலும் விட்டவர்களுக்கெல்லாம் நான் நிதித் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆசைக்குச் செலவு செய்யலாம். ஆனால் அதற்கு முதலீடு என்று பெயர் வைத்துவிட்டால், கை வைக்கக்கூடாத பணத்தில் கை வைக்கத் துணிவு வந்துவிடும். உங்கள் கடிதத்தில் அதுதான் நடந்திருக்கிறது.

40,000 டாலர் என்பது விற்பவர் போடும் விலை. அந்த விலைக்கு வாங்க ஆள் வந்ததா என்பது வேறு கதை. முதல் தலைமுறை மியாட்டாவின் விலை கடந்த சில வருடங்களில் ஏறியது உண்மை. ஆனால் ஏறியது எந்த வண்டிக்கு? குறைந்த மைல் ஓடிய, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற வண்டிக்கு. அதில் வி8 ஏற்றிய அன்றே அந்தக் கூட்டம் விலகிப் போய்விடும். மிச்சம் இருப்பவர்கள் உங்களைப் போன்ற கார் பித்தர்கள். அவர்கள் பானெட்டைத் திறந்ததும் வெல்டிங் யார் போட்டது, வயரிங் யார் செய்தது என்று துருவித் துருவிக் கேட்பார்கள். 32,000 செலவழித்தவருக்கு 32,000 திரும்பி வருவது அபூர்வம்.

அதைவிடப் பெரிய சிக்கல் கலிஃபோர்னியாவின் ஸ்மாக் விதி, அதாவது வாகனப் புகை விதி. 1976 மாடல் முதல் வந்த பெட்ரோல் கார் எதுவானாலும் இங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஸ்மாக் டெஸ்டில் தேற வேண்டும், புதிய வண்டிகளுக்குச் சில வருடம் விலக்கு. என்ஜினையே மாற்றிவிட்டால் சாதாரண ஸ்மாக் கடைக்குப் போய்ப் பயனில்லை. ரெஃபரி என்று அரசு வைத்திருக்கும் ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். அவர்களில் பலர் கம்யூனிட்டி காலேஜ் வளாகங்களில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் பார்ப்பது மூன்று விஷயம். என்ஜின் உங்கள் காரின் வருடத்தைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். காரின் வகைக்கு உரிய மாசுத் தரத்தைவிடத் தளர்ந்த தரத்துக்குச் செய்த என்ஜினாக இருக்கக்கூடாது. அந்த என்ஜின் முதலில் எந்த வண்டியில் வந்ததோ, அந்த வண்டியில் இருந்த மாசுக் கட்டுப்பாட்டுச் சாமான் அத்தனையும் இதிலும் இருக்க வேண்டும்: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர், கம்ப்யூட்டர், எல்லாமே. எல்லாம் சரி என்றால் வண்டியில் ஒரு லேபிள் ஒட்டுவார். அதன் பிறகு எந்த ஸ்மாக் கடைக்குப் போனாலும் அந்த லேபிளைப் பார்த்துத்தான் டெஸ்ட்.

லேபிள் கிடைக்கவில்லை என்றால்? பதிவைப் புதுப்பிக்க முடியாது. விற்கவும் முடியாது, ஏனென்றால் இந்த மாநிலத்தில் ஸ்மாக் சான்றிதழ் கொடுக்க வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. அதாவது, 32,000 டாலரை விழுங்கிய கார் உதிரிபாக விலைக்கு இறங்கிவிடும். உங்கள் மெக்கானிக்கின் மதிப்பீட்டில் ‘ரெஃபரியிடம் தேற வைத்துத் தருவேன்’ என்ற வரி இருக்கிறதா? அது இல்லாத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.

மீதிப் பாதியிலும் ஓட்டை இருக்கலாம். உங்கள் காரின் 1.6 என்ஜின் புதிதாக இருந்தபோது கொடுத்தது 116 குதிரைத்திறன். ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் வந்த எல்எஸ்1 கொடுத்தது 345. முதல் மியாட்டாக்களின் டிஃபரன்ஷியல் (என்ஜினின் இழுப்பைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) சின்னது, அதே 1.6 என்ஜினுக்கே கொஞ்சம் பலவீனம் என்று பெயர் வாங்கியது. வி8-இன் இழுப்புக்கு அது நிற்காது. டிஃபரன்ஷியல், பின் ஆக்சில்கள், முன் சப்ஃப்ரேம், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், பிரேக் என்று ஒன்று மாற்றினால் அடுத்ததையும் மாற்ற வேண்டிய வேலை இது. இவை ஒவ்வொன்றும் அந்த 32,000-க்குள் அடக்கமா என்று வரிவரியாகக் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் ஒர்க்‌ஷாப் எழுத்து மூலம் மதிப்பீடு தர வேண்டும், அதைத் தாண்டிச் செலவு போனால் முதலில் உங்கள் சம்மதம் வாங்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு ‘இன்னும் 4,000 ஆகும் சார்’ என்று போன் வந்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

இப்போது 401கே. உங்கள் பெயருக்கு உரிமையான தொகையில் பாதி அல்லது 50,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதுவரை கடன் எடுக்கலாம். எனவே 32,000 கிடைக்கும். எட்டரை சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 656 டாலர் சம்பளத்தில் பிடிப்பார்கள். வட்டி உங்கள் கணக்குக்கே திரும்பி வருகிறது என்று ஆபீஸ் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் கடன் தீரும் வரை அந்தப் பணம் சந்தையில் இல்லை.

அதுகூடப் போகட்டும். நீங்கள் எச்-1பி, வீட்டில் ஒரே சம்பளம். எனக்குப் பயம் அங்கேதான். நாளை வேலை போனால் வேறு வேலை பிடிக்க உங்களுக்கு 60 நாள் அவகாசம். அதே நேரத்தில் 401கே கடன் பாக்கியையும் கட்டச் சொல்வார்கள். அந்த வருட வரித் தாக்கல் கெடுவுக்குள் அந்தத் தொகையைத் திரும்பப் போடாவிட்டால் மீதியெல்லாம் வருமானமாகக் கணக்கு. வழக்கமான வரிக்கு மேல் மத்திய அரசுக்கு 10 சதவீத அபராதம், கலிஃபோர்னியாவுக்கு இன்னொரு இரண்டரை சதவீதம். 28,000 பாக்கி என்றால் அபராதம் மட்டும் 3,500. வேலையில்லாத மாதத்தில் இது வந்து நிற்கும்போது கார் என்ன நிலையில் இருக்கும்? அநேகமாக லிஃப்ட்டில், என்ஜின் இல்லாமல், லேபிளும் இல்லாமல். ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் கூடக் கொண்டுபோகவும் வழியில்லை. மூன்று வருடத்துக்கு மேல் பழைய, இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள இந்த மாதிரிக் காரை இந்தியாவில் இறக்க விடமாட்டார்கள். எனவே 401கே கடன் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

எஃப்டி? என்ஆர்இ டெபாசிட் ஒரு வருடம் முடியுமுன் உடைத்தால் வட்டி ஒரு பைசா கிடைக்காது. எட்டு மாதம் காத்திருந்தவர் இன்னும் நான்கு மாதம் காத்திருக்கக் கூடாதா? கார் அதுவரை ஷெட்டில் நிற்கட்டும். பதிவு புதுப்பிக்கும் சமயம் குறுக்கே வந்தால் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருப்பதாக, வாகனப் பதிவு அலுவலகமான டிஎம்வியில் பிஎன்ஓ என்ற படிவத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள், கட்டணம் மிகக் குறைவு. அப்புறம், அந்த எஃப்டி வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லாவிட்டாலும் அமெரிக்க வரித் தாக்கலில் வருடா வருடம் காட்ட வேண்டும். காட்டுகிறீர்கள் என்று நம்புகிறேன். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும்.

எஃப்டி முதிர்ந்ததும் அதில் முதல் பங்கு அவசர நிதிக்கு. ஒரே சம்பளம், விசா நிலை, சின்னக் குழந்தை என்றிருக்கும் வீட்டுக்கு மூன்று மாதப் பணம் போதாது. எட்டு மாதமாவது வேண்டும் என்பேன். அதோடு மூன்று பேர் விமான டிக்கெட், வாடகை ஒப்பந்தத்தை நடுவில் முறிக்கும் செலவு. இதையெல்லாம் ஒதுக்கிய பிறகு எஃப்டியில் 32,000 இருக்காது. ஆனால் 6,500 இருக்கும்.

ஆகவே 1.8. 1994 முதல் மியாட்டாவுக்குக் கம்பெனியே போட்ட என்ஜின், 128 குதிரைத்திறன். உங்கள் கியர்பாக்ஸிலேயே பொருந்தும், கிளட்சும் ஃப்ளைவீலும் மட்டும் கொஞ்சம் பெரியவை. ஒரு டன் எடைகூட இல்லாத காரில் அந்தப் பன்னிரண்டு குதிரையும் தெரியும், குறிப்பாக மலைப்பாதையில். ஒன்றில் மட்டும் கவனம். பழைய 1.6-இன், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரையும் கம்ப்யூட்டரையும் வைத்தே 1.8-ஐ ஓட்டிவிடலாம் என்று சிக்கனம் சொல்லித்தருபவர்கள் உண்டு. ஓடும், ஆனால் ரெஃபரியிடம் தேறாது. 1994 காரின் வயரிங், கம்ப்யூட்டர், கன்வெர்ட்டர் எல்லாமே வேண்டும். ஆகையால் என்ஜினை மட்டும் வாங்காமல், மோதி நொறுங்கிய 1994 கார் ஒன்றையே முழுசாக வாங்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். டிஃபரன்ஷியலும் பெரியதாகக் கிடைக்கும், மிச்ச சாமானை விற்றால் செலவிலும் கொஞ்சம் திரும்பி வரும்.

அதற்கும் முன்னால், மூக்கு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். 1990-91 கார்களின் கிராங்க்குக்கு இது தெரிந்த வியாதி: மூக்கு குட்டை, அதில் மாட்டிய புல்லி லேசாக ஆடினாலும் புல்லியைத் தண்டோடு பிணைக்கும் சின்ன உலோகத் துண்டு (மெக்கானிக்குகள் சாவி என்பார்கள்) உட்காரும் பள்ளம் விரிந்துகொண்டே போகும். தேய்மானம் கொஞ்சம்தான் என்றால் புதிய சாவி வைத்து, இடைவெளியை நிரப்பும் லாக்டைட் 660 பசை பூசி, போல்ட்டை இறுக்கி வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி முடிந்தால் 3,800-கூட மிச்சம்.

வி8 ஆசை போகவே போகாது என்றால், நீங்கள் கட்டாதீர்கள், வேறொருவர் கட்டி முடித்ததை வாங்குங்கள். ரெஃபரி லேபிள் ஒட்டிய, பதிவு நடப்பில் இருக்கிற வண்டி. கட்டியவர் சுமந்த நஷ்டம் உங்களுக்குத் தள்ளுபடியாக வரும். சொந்தக் கார் இல்லாமல் ஒரு வருடம் ஒர்க்‌ஷாப்புக்கு நடக்கவும் வேண்டாம். க்ரீன் கார்டு கைக்கு வந்த பிறகு, போனஸ் பணத்தில், உங்கள் மியாட்டாவை விற்றுவிட்டு இதை வாங்கினால் நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டேன். 1997 முதல் 2004 வரை வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட் ஒன்றையும் அதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். அதன் சாதாரண மாடல்களில் இருப்பது இதே எல்எஸ்1-தான், கம்பெனியே மாட்டித் தந்தது, ரெஃபரி தொல்லை இல்லை. உங்கள் மெக்கானிக் சொன்ன 32,000-க்கும் குறைவாகவே நல்ல வண்டி கிடைக்கும்.

இன்ஷூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எந்த என்ஜின் மாட்டினாலும் கம்பெனிக்கு முதலில் தெரிவித்துவிடுங்கள். சாதாரண பாலிசி விபத்தில் கொடுப்பது பழைய மியாட்டாவின் சந்தை மதிப்பைத்தான், நீங்கள் உள்ளே போட்ட பணத்தை அல்ல. முன்கூட்டியே பேசி முடித்த மதிப்பைத் தரும் கிளாசிக் கார் பாலிசிகள் உண்டு. பிரீமியமும் நியாயமாகவே இருக்கும். ஆனால் அந்தப் பாலிசிகளில் பொதுவாக ஆபீஸுக்கு ஓட்டக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் போகிறீர்கள் என்பதை மறைத்து எடுத்தால், க்ளெய்ம் வரும் நாளில் கையை விரித்துவிடுவார்கள்.

பழைய என்ஜின்: மூக்கு தேய்ந்த கிராங்க்கோடு முழுசாக விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சிலிண்டர் ஹெட், ஆல்டர்னேட்டர், ஏர்ஃப்ளோ மீட்டர் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக ஆள் இருக்கும். ஆனால் 1.8-க்கு ரெஃபரி லேபிள் ஒட்டும் வரை ஒரு போல்ட்டைக்கூட விற்காதீர்கள். தேறாவிட்டால் திரும்ப 1.6-க்கே போக வேண்டியிருக்கும்.