டாலர் குறி போய் சதவீதக் குறி வந்தது ஏன்?

வணக்கம். பழைய மேக்கின் டெர்மினலில் டாலர் குறி இருந்தது, புது மேக்கில் சதவீதக் குறி வருகிறது, எழுதி வைத்திருந்த ஏலியாஸ்களையும் (நீண்ட கட்டளைகளுக்கு வைத்த சுருக்கப் பெயர்கள்) காணோம், வைரஸோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், டெர்மினலில் நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்தான் மாறியிருக்கிறது. 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து புதிதாகத் தொடங்கும் கணக்குகளுக்கு பழைய ஷெல்லான பேஷுக்கு (bash) பதில் இசட்ஷெல்தான் (zsh). அதன் வழக்கமான அடையாளம் அந்தச் சதவீதக் குறி.

ஏலியாஸ்கள் வேலை செய்யாததற்கும் காரணம் இதுவே. உங்கள் ஏலியாஸ்கள் இருக்கும் பேஷ் புரொஃபைல் கோப்பை (.bash_profile) இசட்ஷெல் படிக்காது. அதற்கென்று ஆர்சி கோப்பு (.zshrc) என்ற அமைப்புக் கோப்பு தனியாக உண்டு. ஹோம் ஃபோல்டரில், பெயர் புள்ளியில் தொடங்கும். ஏலியாஸ் வரிகளை அப்படியே அதற்குள் ஒட்டுங்கள், பெரும்பாலும் போதும். பிராம்ப்ட் வரியை (கட்டளை தட்டும் இடத்துக்கு முன் என்ன தெரிய வேண்டும் என்று சொல்லும் வரி) மட்டும் ஒட்டாதீர்கள்: பேஷில் பின்சாய்வுக் கோட்டோடு எழுதும் குறிகளை இங்கே சதவீதக் குறியோடு எழுத வேண்டும், எழுத்துகளும் வேறு. அப்புறம் புது ஜன்னல் திறந்து பாருங்கள்.

பேஷே வேண்டுமென்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் போய், உங்கள் பெயர்மேல் கன்ட்ரோல்-கிளிக் செய்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் லாகின் ஷெல்லை மாற்றலாம். அங்கே ஹோம் டைரக்டரியை மட்டும் தொட்டுவிடாதீர்கள். ஆனால் மேக்கோடு வருவது இன்னும் பழைய பேஷ் 3.2 என்பதால், இசட்ஷெல்லுக்குப் பழகிக்கொள்வதே நல்லது என்பேன்.