‘பாசிட்டிவ்வா நினை’ என்கிறார்கள், ஏடிஎச்டி-யோடு அது எப்படி முடியும்?

கேள்வி: எனக்கு வயது 34. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மகனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) என்று கண்டறிந்த மனநல மருத்துவர், என்னிடமும் விவரமாகக் கேட்டுப் பரிசோதித்துவிட்டு, எனக்கும் சிறு வயதிலிருந்தே அது இருக்கிறது என்றார். மாத்திரை சாப்பிடுகிறேன், வேலையில் கவனம் முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் ஏதாவது ஒன்று தவறிவிட்டால் போதும், ‘நீ எதுக்குமே லாயக்கில்லை’ என்று மனசு ஆரம்பித்துவிடுகிறது. வீட்டில் எல்லோரும் பாசிட்டிவ்வாக யோசிக்கச் சொல்கிறார்கள். கண்ணாடி முன் நின்று ‘என்னால் எல்லாம் முடியும்’ என்று சொல்லிப் பார்த்தேன். அன்றன்று நன்றி சொல்லத் தோன்றியவற்றைக் குறித்துவைக்கும் நன்றி டைரி எழுத ஆரம்பித்தேன். ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை. இப்போது அந்த டைரியைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி வருகிறது. என்ன செய்வது, டாக்டர்?

பதில்: முதலில் அந்த டைரியைக் கண்ணில் படாமல் பரணில் போட்டுவிடுங்கள். அது நின்றுபோனதற்கு உங்கள் மனவுறுதி காரணமில்லை. யாரும் நினைவூட்டாமல், உடனே பலன் தெரியாத ஒரு வேலையைத் தினமும் அதே நேரத்தில் செய்ய வேண்டும் என்பதுதான் ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு ஆகக் கடினமான விஷயம். உங்களுக்கு எது கஷ்டமோ அதையே மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள்.

‘லாயக்கில்லை’ என்ற அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ‘நல்லாப் படிக்கிற பொண்ணுதான், ஆனா அக்கறையே இல்லை’ என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். டிபன் பாக்ஸைத் தொலைத்த நாளில் வீட்டில் திட்டு வாங்கியிருப்பீர்கள். ஓடியாடித் தொந்தரவு செய்யாமல், ஜன்னலோரம் உட்கார்ந்து வேறெங்கோ போய்விடும் பெண் குழந்தைகளுக்கு ஏடிஎச்டி இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. 30 வயதுக்கு மேல், பிள்ளையை அழைத்து வரும்போதுதான் பல அம்மாக்களுக்குத் தங்கள் கதையே புரிகிறது. இத்தனை வருடம் கேட்ட திட்டு, உங்கள் சொந்தக் குரலாகவே மாறிவிட்டது. மாத்திரை கவனத்துக்கு உதவும். பழகிப்போன இந்தப் பேச்சைத் தானாக மாற்றிவிடாது. அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

கண்ணாடி முன் சொன்ன வாக்கியம் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 2009-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ‘நான் அன்புக்கு உரியவர்’ என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்கு லேசான பலன் கிடைத்தது. தன்மதிப்பு குறைந்தவர்களில் அதைச் சொன்னவர்கள், சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். மனசு நம்பாத ஒன்றைச் சொன்னால், அது உடனே எதிர்வாதத்துக்கு வந்துவிடும்.

ஆகவே, உண்மையாக இருக்கும் ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். உங்கள் வேலையிலிருந்தே எடுத்துக்கொள்வோம். 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டும். ஒரு பில் விட்டுப்போய்விட்டது. மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மனசு ‘எப்பவும் இப்படித்தான்’ என்கிறது. இதற்குப் பதிலாக ‘நான் சூப்பர்’ என்று சொல்ல வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘ஒரு பில் விட்டுப்போச்சு. மற்றதெல்லாம் சரியாக இருக்கு. வாட்ஸ்அப்பில் வந்த பில்தான் விட்டுப்போகுது.’ கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். ‘எப்பவும் இப்படித்தான்’ என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் வருவதுதான் தவறுகிறது என்று தெரிந்தால், வந்த உடனே பிரின்ட் எடுத்துத் தட்டில் போடலாம். அடுத்த அடியைக் காட்டும் நினைப்பைத்தான் நான் பாசிட்டிவ் என்பேன்.

திட்டு வாங்கிய சூட்டில் இதைச் செய்ய முடியாது. ஏடிஎச்டி உள்ள பலருக்கு உணர்ச்சி சட்டென்று பொங்கும். அந்த நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சின்ன நடை, அவ்வளவுதான். உங்களைப் பற்றிய எந்தத் தீர்ப்பையும் அப்போது எழுத வேண்டாம்.

இன்னொரு குரலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான அறிவுரைகளில் இது விடுபட்டுப் போகிறது. ‘கடைசி நேரத்துலதான் எனக்கு வேகம் வரும்’, ‘இந்த ஒரு மெசேஜை மட்டும் பார்த்துட்டு ஆரம்பிக்கிறேன்’, ‘இதை எழுதி வைக்க வேண்டாம், ஞாபகம் இருக்கும்’. கேட்க நம்பிக்கையாக, இனிமையாகத்தான் இருக்கும். ஏடிஎச்டி உள்ள பெரியவர்களிடம் இத்தகைய நினைப்புகள் வேலையைத் தள்ளிப்போட எப்படித் துணைபோகின்றன என்று அமெரிக்க உளவியலாளர்கள் லாரா நவுஸும் ஜான் மிட்செலும் 2015-ல் எழுதினார்கள். மறுக்கத் தோன்றாததால்தான் இவை ஆபத்து. காலையில் ‘பார்த்துக்கலாம்’ என்று சொன்ன குரலால் வேலை தள்ளிப்போகிறது. அது முடியாமல் கிடக்கும்போது இரவில் ‘லாயக்கில்லை’ என்ற குரல் வருகிறது. ஆகவே ‘பார்த்துக்கலாம்’ என்று மனசில் ஓடியதுமே, அந்த வேலையின் முதல் இரண்டு நிமிடத்தையாவது செய்துவிடுங்கள். ஃபைலைத் திறந்து தேதி போட்டால்கூடப் போதும்.

பழக்கத்துக்கு வருவோம். ‘21 நாளில் பழக்கம் வந்துவிடும்’ என்பதை நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு சிறு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை மாறியது. இடையில் ஒருநாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான்.

நினைவை நம்பாமல், ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு புதியதைக் கட்டிவிடுங்கள். ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவுசெய்யும் இந்த முறையை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஏடிஎச்டி உள்ள குழந்தைகளுக்கும் அது உதவுவது தெரியவந்திருக்கிறது. உங்களுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: இரவு குக்கரை அடுப்பில் ஏற்றியதும், விசில் வருவதற்குள், இன்று முடித்த ஒரு காரியத்தை வாய்விட்டுச் சொல்வது. ‘கரன்ட் பில் கட்டிட்டேன்’ போதும். மறக்காமலிருக்க, அடுப்புக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டுங்கள். எழுதப் பிடித்தால் எழுதுங்கள். இல்லையென்றால் போனில் குரல் பதிவாகச் சொல்லுங்கள். சில வாரங்களில் அந்தச் சீட்டு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். அப்போது நிறத்தையோ இடத்தையோ மாற்றுங்கள். சலித்ததும் முறையை மாற்றுவதுதான் இதைத் தொடரும் வழி.

முடிந்தால் மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனும் அன்று செய்த ஒன்றைச் சொல்லட்டும். நீங்கள் சாவியைத் தேடும்போது உங்களையே என்ன சொல்லித் திட்டிக்கொள்கிறீர்கள் என்பதை அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ‘அம்மா மறந்துட்டேன், இனி ஆணியில மாட்டுறேன்’ என்று கேட்டு வளர்ந்தால் அவனுக்கும் அதே பேச்சு வரும். வீட்டுப் பெரியவர்களிடம் ‘பாசிட்டிவ்வா நினைன்னு சொல்றதுக்குப் பதிலா, நான் கணக்கு முடிக்கிறவரைக்கும் பக்கத்துல உட்காருங்க’ என்று கேளுங்கள். கூட ஒருவர் இருந்தாலே வேலை நகர்வதைப் பலர் உணர்ந்திருக்கிறார்கள்.

ஏடிஎச்டி-யோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்துவருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமோ பசியோ கெட்டுவிட்டது என்றால் பயிற்சியால் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். அடுத்த முறை போகும்போது, பெரியவர்களின் ஏடிஎச்டி-க்கான சிபிடி என்ற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். மேலே சொன்னவற்றில் பலவும் அதில் உள்ளவைதான். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.