பார்படோசில் ராணியின் கொடி இறங்கிய இரவு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கரீபியன் தீவு நாடான பார்படோஸ் குடியரசானதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கரீபியன் என்றால் கிரிக்கெட்டோடு நின்றுவிடும் நம் பேச்சு, இந்த முறை வெகுதூரம் போயிருக்கிறது. ரொம்ப சந்தோஷம். அடிக்கடி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கடலோடி: 1966-லேயே சுதந்திரம் வாங்கியாச்சு. 2021-ல் எதற்கு மறுபடி ஒரு விழா?

சுதந்திரத்துக்குப் பிறகும் நாட்டின் தலைவர் எலிசபெத் ராணிதான் ஐயா. அவர் சார்பில் கவர்னர் ஜெனரல் கையெழுத்துப் போடுவார். எம்.பி.க்கள் ராணிக்கு விசுவாசமாக இருப்பதாகத்தான் உறுதிமொழி எடுப்பார்கள். 2021 நவம்பர் 30, சுதந்திரத்தின் 55-ஆம் ஆண்டு நிறைவு நாள் பிறந்த நள்ளிரவில், தலைநகர் பிரிட்ஜ்டவுனில் ராணியின் அரசக் கொடி இறங்கியது. 21 குண்டுகள் முழங்கின. அதுவரை ராணியின் கவர்னர் ஜெனரலாக இருந்த சான்ட்ரா மேசன் முதல் குடியரசுத் தலைவரானார். பிரதமர் மியா மோட்லி. இருவருமே பெண்கள், இருவருமே சட்டம் படித்தவர்கள். விருந்தாளியாக வந்திருந்த இளவரசர் சார்லஸ், அடிமைமுறை வரலாற்றின் அழியாத கறை என்று அந்த மேடையிலேயே சொன்னார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

விழா நடந்தது தேசிய வீரர்கள் சதுக்கத்தில். ஒரு காலத்தில் அதற்கு டிரஃபால்கர் சதுக்கம் என்று பெயர். 1813-ல் அங்கே நிறுத்திய, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் சிலை லண்டனில் இருக்கும் நெல்சன் தூணுக்கே மூத்தது. அதைக் கிரேன் வைத்துத் தூக்கி அப்புறப்படுத்தியது 2020 நவம்பரில்.

வரலாற்று மாணவி: அடிமைமுறையை ஒழித்தபோது பிரிட்டன் நஷ்டஈடு கொடுத்ததாமே?

கொடுத்தது, முதலாளிகளுக்கு! மொத்தம் 2 கோடி பவுண்ட். கரும்புக் காட்டில் முதுகொடிய உழைத்தவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. 1834-ல் விடுதலை என்று அறிவித்துவிட்டு, 'பயிற்சித் தொழிலாளி' என்று பெயரை மாற்றி, 1838 வரை பழைய முதலாளிகளிடமே பெரும்பாலானவர்களைக் கட்டிப்போட்டார்கள். அந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனில் கடைசிப் பாக்கி அடைந்தது 2015-ல். பிரிட்டனில் குடியேறி உழைத்த கரீபியன் குடும்பங்களின் வரிப்பணமும் அதில் போயிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கோவை டீச்சர்: அங்கே மட்டும் பெண்கள் எப்படிச் சுலபமாக மேலே வந்துவிடுகிறார்கள்?

சுலபம் என்று மட்டும் சொல்லாதீர்கள் டீச்சர். பார்படோஸ் சட்டமன்றம் தொடங்கியது 1639-ல். சொத்து இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் 1951-ல்தான். இடையில் 312 வருஷம்! எர்மி போர்ன் என்ற பெண் முதன்முதலாக அந்த அவைக்கு ஜெயித்து வந்ததும் அதே தேர்தலில்தான்.

இன்னொரு கரீபியன் தீவு நாடான டொமினிகாவின் பிரதமராக இருந்த யூஜீனியா சார்லசைப் பாருங்கள். அந்தத் தீவின் முதல் பெண் வழக்கறிஞர். 1979-ல் டேவிட் புயல் தீவையே புரட்டிப் போட்டது. மறுவருஷம் நாடு அவர் கைக்கு வந்தது. 1981-ல் அமெரிக்க, கனடிய வெள்ளை நிறவெறியர்கள் சிலர் ஆயுதங்களோடு கப்பலேறி வந்து அவர் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் போட்டு, கிளம்பும் முன்பே நியூ ஆர்லியன்சில் பிடிபட்டார்கள். இத்தனையையும் தாண்டி 1995 வரை ஆண்டார். 1983-ல் அமெரிக்கா கிரெனடா என்ற கரீபியன் தீவுக்குள் படையை இறக்கியபோது அமெரிக்க அதிபர் ரீகன் பக்கத்தில் நின்று அதை ஆதரித்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அவருடைய நெஞ்சுரத்தை மறுக்கவும் முடியாது.

மோட்லியும் பழுத்த அரசியல்வாதி. 2010-ல் எதிர்க்கட்சித் தலைவர் பதவியிலிருந்து சொந்தக் கட்சிக்காரர்களே அவரை இறக்கினார்கள். 2018-ல் அதே கட்சி அவர் தலைமையில் 30-க்கு 30 இடங்களையும் அள்ளியது. 2022-ல் மறுபடியும் அப்படியே.

மலேசியத் தமிழன்: டிரினிடாட் பிரதமர் கமலா பெர்சாத் பிசேசர் தமிழரா?

இல்லை தம்பி, அவர் முன்னோர் பீகார்க்காரர்கள். 1845 முதல் டிரினிடாட் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். மதராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்களும் உண்டு. கயானாவில் இன்றும் மாரியம்மன் வழிபாட்டை 'மதராசி' வழிபாடு என்கிறார்கள்.

சட்டக் கல்லூரி மாணவன்: ராணியை எடுத்துவிட்டால் காலனி ஆட்சி முடிந்துவிட்டது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது தம்பி. பல கரீபியன் நாடுகளின் அரசியல் சாசனத்தில் ஒரு பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்பிருந்த சட்டம் எவ்வளவு கொடுமையானதாக இருந்தாலும், அடிப்படை உரிமையைக் காட்டி அதை ரத்து செய்ய முடியாது என்பதே அதன் சாரம். கொலை செய்தால் தூக்கு, வேறு தண்டனைக்கே இடமில்லை என்பது பார்படோசின் பழைய சட்டம். 2004-ல் அது, அப்போது பார்படோசின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அந்தப் பிரிவைக் காட்டிச் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். மறுவருஷம் பார்படோஸ் தன் இறுதி மேல்முறையீட்டை லண்டனிலிருந்து கரீபியன் நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொண்டது. அந்த நீதிமன்றம் 2018-ல் அதே கட்டாயத் தூக்கைச் செல்லாது என்று அடித்தது. ராணியின் கொடி இறங்குவதற்கு மூன்று வருஷம் முன்பே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

கரீபியன் நீதிமன்றம் இருக்கும் ஊர் டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயின். ஆனால் டிரினிடாட்காரர்களின் இறுதி மேல்முறையீடு இன்றும் லண்டனுக்குத்தான் போகிறது. அவர்களுடைய கட்டாயத் தூக்குச் சட்டம் 1925-ல் எழுதியது. 2022-ல் பிரிவி கவுன்சில், இது கொடூரமான தண்டனைதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பாதுகாப்புப் பிரிவு இருப்பதால் சட்டம் செல்லும் என்று தீர்ப்பெழுதியது.