படத்தோடு பெயர்களையும் அனுப்புங்கள்: ஃப்ரட்டர்னிட்டி இதழுக்கு எழுதுவது பற்றிச் சில கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஃப்ரட்டர்னிட்டியில் (படிப்பு முடிந்தும் உறவு தொடரும் ஆண் மாணவர் சங்கத்தில்) சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் சிலரும் அவர்களுடைய பெற்றோரும் உறுப்பினர் இதழுக்குச் செய்தி அனுப்புவது பற்றிக் கேட்டிருந்தார்கள். நானும் ஒஹாயோவில் படித்தபோது ஒன்றில் சேர்ந்தவன். எங்கள் சேப்டரின், அதாவது எங்கள் பல்கலைக்கழகக் கிளையின், செய்திகளைத் தொகுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது.

அண்ணா, எல்லாவற்றையும் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுகிறோமே. அச்சு இதழுக்கு வேறு அனுப்ப வேண்டுமா?

அவசியம் அனுப்பு தம்பி. இன்ஸ்டாகிராமை உன் வயதுக்காரர்கள் பார்ப்பார்கள். இதழ் எண்பது வயதுக்காரர் வீட்டுக்கும் போகிறது. பீட்டா தீட்டா பை என்ற ஃப்ரட்டர்னிட்டி தன் இதழை 1872 டிசம்பரில் தொடங்கியது. ஃபை டெல்டா தீட்டாவின் 'ஸ்க்ரோல்' 1875இல் வந்தது. இரண்டு சங்கங்களும் பிறந்தது ஒஹாயோவின் ஆக்ஸ்ஃபோர்ட் ஊரிலுள்ள மயாமி பல்கலைக்கழகத்தில், 1839இலும் 1848இலும். படிப்பு முடிந்து திசைக்கொருவராகப் போனவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அன்று கடிதத்தை விட்டால் இதழ்தான்.

எங்கள் சேப்டரின் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது பழைய இதழ்களின் பெரிய கட்டுரைகள் எனக்கு அவ்வளவாக உதவவில்லை. பின்பக்கத் துணுக்குகள்தான் கைகொடுத்தன. யார் எந்த ஊருக்குப் போனார், யாருக்கு எப்போது கல்யாணம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பிய யாரோ ஒருவரால்தான் அந்த மனிதர்கள் எனக்குக் கிடைத்தார்கள். நீ இன்று அனுப்பும் இரண்டு வரியும் அப்படி ஒருவருக்குப் போய்ச் சேரும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் தெளிவாக இல்லையென்று திருப்பிவிட்டார்கள். போனில் பளிச்சென்று இருக்கிறதே?

படத்தில் குறையில்லை, வந்த வழியில்தான் குறை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நீளவாக்கில் சுமார் 1,600 பிக்சல்தான் மிஞ்சும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் படம் ஐந்தரை அங்குலத்தைக்கூடத் தாண்டாது. 8.5க்கு 11 அங்குல முழுப் பக்கத்துக்கு 2,550க்கு 3,300 பிக்சல் தேவை. போனில் இருக்கும் மூலப் படத்தை அப்படியே மின்னஞ்சலில் இணையுங்கள். ஐபோன் அளவு கேட்டால் 'ஆக்சுவல் சைஸ்' கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், ஃபில்டரும் வேண்டாம்.

குழுப்படத்தில் முப்பது பேர். எல்லாப் பெயரும் எழுத வேண்டுமா அண்ணா?

முப்பதும் எழுது. முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் இடமிருந்து வலமாக. ஒருவர் பெயர் மறந்துபோனால் நாலு பேரிடம் கேட்டாவது கண்டுபிடி. பெயரில்லாத படங்கள் ஒரு பெட்டி நிறைய எங்களிடம் இருக்கின்றன. அவற்றில் சிரிப்பவர்கள் யாரென்று சொல்ல இப்போது ஆளில்லை. அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

நம் பெயர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இதழ்க்காரர்கள் கடைசிப் பெயரை வைத்துத்தான் உறுப்பினரைத் தேடுவார்கள். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர் முன்னெழுத்தாக நிற்கும். பாஸ்போர்ட்டில் அது பின்னால் போய் உட்கார்ந்ததும், நாம் அப்பா பெயரிலேயே அழைக்கப்படுகிறோம். என்னைப் பற்றி முதல் செய்தி வந்தபோது என் பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கி, அப்பா பெயர் முழுதாக இருந்தது. ஊரில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கூடப் படித்தவர்களில் ஒருவருக்கும் அது நான்தான் என்று தெரியவில்லை. ஆகவே உறுப்பினர் பதிவேட்டில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே எப்போதும் எழுது. கூப்பிடும் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர். சேப்டர் பெயரும் ஆண்டும் போடு. சில சங்கங்கள் பட்டம் பெற்ற ஆண்டைப் போடுகின்றன, சில உறுப்பினரான ஆண்டைப் போடுகின்றன. உங்களுடையது எது என்று பழைய இதழ் ஒன்றைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

கையில் சிவப்பு பிளாஸ்டிக் கப் இருந்ததாம், அதற்காகவே படத்தை நிராகரித்தார்கள். உள்ளே வெறும் எலுமிச்சை ஜூஸ்தான்!

நம்புகிறேன். ஆனால் பார்ப்பவருக்கு அது தெரியாதே, மது என்றுதான் நினைப்பார். அமெரிக்காவில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும், உங்களில் பாதிப் பேருக்கு 19. கப்பைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு படம் எடுங்கள். புது உறுப்பினர்களைக் கண்ணைக் கட்டியோ, மண்டியிட வைத்தோ எடுத்த படத்தையும் அனுப்பாதீர்கள். விளையாட்டாகச் செய்தாலும் அது ஹேஸிங், நம் ஊர் ராகிங். அப்படி ஒன்று நடந்தால் படத்தை அல்ல, நடந்ததை நிறுத்துவதுதான் முதல் வேலை.

தம்பி, என் மகன் உறுப்பினரான சடங்கின் படத்தை இதழில் பார்க்க ஆசை. கிடைக்குமா?

கிடைக்காது அம்மா. அந்தச் சடங்கு உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது, உள்ளே கேமரா கிடையாது. முடிந்து வெளியே வந்ததும் கோட்டு சூட்டோடு எல்லாரும் நிற்பார்கள். அந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். இதழும் அதைத்தான் போடும்.

மதுரையில் எனக்குக் கல்யாணம். சேப்டர் நண்பர்கள் ஆறு பேர் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். போட்டோகிராபர் எடுத்த படத்தை அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே பொதுவாக எடுத்தவருக்குத்தான் உரிமை. அதனால் அங்குள்ள இதழாசிரியர் அனுமதி கேட்பார். போட்டோகிராபரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள், அவர் பெயரையும் படத்தின் கீழ் போடச் சொல்லுங்கள்.

ரத்த தான முகாம் நடத்தினோம். எழுதினால் அறிக்கை மாதிரியே வருகிறது. எப்படி எழுதுவது?

"சிறப்பாக நடைபெற்றது" என்ற வரியை முதலில் அடித்துவிடு. எத்தனை பேர் கொடுத்தார்கள், யார் காலையில் முதல் ஆளாக வந்தார், யார் ஊசிக்குப் பயந்து இரண்டு முறை திரும்பிப் போய் மூன்றாம் முறை வந்து படுத்தார் என்று எழுது. 150 சொல் போதும். கூடவே உன் தொலைபேசி எண் இருக்கட்டும், சந்தேகம் வந்தால் ஆசிரியர் கூப்பிடுவார்.

எங்கள் சேப்டரின் மூத்தவர் ஒருவர் காலமாகிவிட்டார். யார் தெரிவிப்பது?

யாரோ தெரிவித்திருப்பார்கள் என்று இருந்துவிடாதே. எல்லாரும் அப்படி நினைப்பதால்தான் பல பெயர்கள் விட்டுப்போகின்றன. முழுப்பெயர், சேப்டர், ஆண்டு, இறந்த தேதி, செய்தித்தாளில் வந்த அறிவிப்பு, இவ்வளவும் போதும். அனுப்புவதற்கு முன் அவர் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேள். இளவயதுப் படம் ஒன்று வைத்திருப்பார்கள். சின்னப் படமாக இருந்தால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்துகொண்டு மூலத்தை அன்றே திருப்பிக் கொடு. இதழ் வந்ததும் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை நீயே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா.