சூரியனின் ‘கேம்ப் ஃபயர்’ காட்டும் தொலைநோக்கியை வாங்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மகன் ஏ.எல். படிக்கிறான். செயற்றிட்டத்துக்கு, சூரியனின் வளிமண்டலத்தில் தோன்றி மறையும் ‘கேம்ப் ஃபயர்’ என்னும் சின்னப் பளிச்சிடல்களை எடுத்திருக்கிறான். அவற்றை நேரில் காட்டும் என்று ஒருவர் சூரிய பில்டரோடு ஒரு தொலைநோக்கியை விற்க வருகிறார். வாங்கலாமா? பளிச்சிடலுக்குக் காரணம் என்ன?

வாங்காதீர்கள் தங்கச்சி. அதை உலகத்தில் எந்தக் கடைத் தொலைநோக்கியாலும் காட்ட முடியாது. 2020 பெப்ரவரியில் ஏவிய சோலார் ஓர்பிட்டர் விண்கலம் அதே ஆண்டு மே 30ஆம் திகதி, சூரியனிலிருந்து ஏறக்குறைய 8.3 கோடி கிலோமீற்றர் தொலைவில் நின்று எடுத்த படங்களில்தான் இவற்றைக் கண்டார்கள். அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாத அதீத புற ஊதா ஒளியில். அந்த ஒளியைக் காற்றுமண்டலம் மேலேயே உறிஞ்சிவிடும், மிஞ்சியது வந்தாலும் கண்ணாடி வில்லை விடாது. விற்க வருபவருக்கு இது தெரியாவிட்டால் சூரியனைக் காட்டும் பொருளை அவர் விற்கக் கூடாது, தெரிந்தே சொல்கிறார் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காசு போவதை விட எனக்குப் பயம் அந்த பில்டர்தான். மலிவான தொலைநோக்கிகளோடு கண் வைக்கும் வில்லையில் திருகுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். குவிந்த வெயில் முழுவதும் அதில்தான் விழும், சூடேறிச் சட்டென்று வெடிக்கும், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் விழித்திரை எரிந்துபோகும், விழித்திரையில் வலி தெரியாது என்பதால் அவன் கண்ணை எடுக்கவும் மாட்டான். எக்ஸ்ரே பிலிம், பழைய சீடி, கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்ப்பது, எதுவும் வேண்டாம். கிரகணக் கண்ணாடி வெறும் கண்ணுக்கு மட்டுந்தான். கல்லடிக் கடற்கரையில் விடியக்காலை சிவந்து வரும் சூரியன் என்றாலும் வில்லை வழியாகப் பார்க்கவே கூடாது. பில்டர் என்றால் குழாயின் முன்வாயை முழுதாக மூடுவது, வெயில் உள்ளே போகும் முன்பே தடுப்பது.

அப்படிப்பட்ட நல்ல முன்பில்டர் பாடசாலையில் இருந்தால் ஒரு விதிவிலக்குச் சொல்கிறேன். சூரிய வட்டத்தின் ஓரத்தில், கரும்புள்ளிகளை அண்டி, வெளிறிய திட்டுகள் சில நாட்களில் தெரியும். ஃபக்குலா என்பார்கள். காந்தப்புலம் செறிந்த மெல்லிய குழாய்களில் வாயு ஐதாக இருப்பதால் அவற்றின் சூடான உள்சுவர் நமக்குத் தெரிகிறது, ஓரத்தில் சாய்வாகப் பார்க்கும்போது அந்தச் சுவர் இன்னும் நன்றாகத் தெரியும், நடுவட்டத்தில் கண்டுபிடிப்பதே கஷ்டம். இதுவும் காந்தப்புலத்தால் வரும் சின்ன வெளிச்சந்தான், ஆனால் இது சூரியனின் மேற்பரப்பில் இருப்பது, நாட்கணக்கில் நிற்பது. கேம்ப் ஃபயர் அதற்கு மேலே, கொரோனா என்னும் சூரியனின் வெளி வளிமண்டலத்தில், விநாடிகளில் முடிந்துவிடும். ஃபக்குலாவைக் காட்டி ‘இதுதான் கேம்ப் ஃபயர்’ என்று யாராவது சொன்னால் மகன் நம்பிவிடக் கூடாது.

சரி, காரணம். சூரிய மேற்பரப்பு கொதித்துக்கொண்டே இருப்பதால் அங்கிருந்து எழும் காந்தப்புலக் கோடுகளின் அடிகள் ஓயாமல் இழுபடுகின்றன. எதிரெதிர் முனைகள் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைகின்றன, தேங்கிய சக்தி வெளியேறி அங்குள்ள வாயுவை 10 இலட்சம் பாகைக்கு மேல் சூடாக்குகிறது. முதலில் கண்டவை 10 முதல் 200 விநாடி வரை நின்றன, நீளம் 400 முதல் 4,000 கிலோமீற்றர். மிகச் சிறியதே ஏறக்குறைய நம் இலங்கையின் நீளம். மேற்பரப்பு 5,500 பாகையாக இருக்க மேலே உள்ள கொரோனா ஏன் அவ்வளவு சூடு என்ற பழைய கேள்விக்கு இவை பதிலின் ஒரு பகுதியாக இருக்கலாம். 1988இல் சூரியனை ஆராய்ந்த விஞ்ஞானி யூஜின் பார்க்கர், எண்ணற்ற குட்டி வெடிப்புகள் சேர்ந்து கொரோனாவைச் சூடாக்கலாம் என்றார். இவை மட்டுமே போதுமா என்பது இன்னும் தீராத விவாதம், மகன் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுத வேண்டாம்.

செய்ய வேண்டியதற்குக் காசே தேவையில்லை. 2010 முதல் பூமியைச் சுற்றிக்கொண்டே சூரியனைப் படமெடுக்கும் எஸ்.டி.ஓ. விண்கலத்தின் படங்கள் இணையத்தில் இலவசம், ஹீலியோவியூவர் தளத்தில் போனிலேயே பார்க்கலாம். 171 என்று குறித்த படத்தில் கரும்புள்ளி இல்லாத அமைதியான பகுதியில் ஒரு பிரகாசப் புள்ளியைத் தேடி, அதே நேரத்துக் காந்தப்புலப் படத்தை எடுத்து அதே இடத்தில் எதிரெதிர் முனைகளைக் காட்டும் கறுப்பும் வெள்ளையும் அருகருகே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை பெரும்பாலும் மணிக்கணக்கில் நிற்கும் பெரிய புள்ளிகள், கேம்ப் ஃபயர் அல்ல, அதையும் எழுதட்டும். பல புள்ளிகளைப் பார்த்து அட்டவணை போட்டால் அதுவே நல்ல செயற்றிட்டம்.

இதை ஏற்கமாட்டோம், மேசையில் சாமான் இருக்க வேண்டும் என்று பாடசாலையில் சொல்வார்கள், எனக்குத் தெரியும். அலுமாரியில் பூட்டிய தொலைநோக்கிக்குத் திறப்பு இல்லை, பிள்ளைகளின் தாய்மார் மட்டும் கடன்பட்டுக் கருவி வாங்க வேண்டும், புள்ளியும் அதைப் பார்த்துத்தான் விழும்! இந்த முறையில் எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள் ஆசிரியரிடம் நேரே போய் இந்தப் படங்களைக் காட்டிக் கேளுங்கள். விற்பவருக்கு முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே திருப்பிக் கேளுங்கள், பிரித்துவிட்டால் அந்தக் கறுப்புக் கண்ணாடியை முதலில் கழற்றி உடைத்துப் போடுங்கள்.