வாய்க்காலுக்கும் எம்.எல்.ஏ.தானா? – கேள்வி பதில்

புதுச்சேரி கொம்யூன் (உள்ளாட்சி) அலுவலகம் ஒன்றில் எழுத்தராக நுழைந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஓட்டுப் போட்டவர்களுக்கு ஆள்பவர்கள் மேல் ஏன் இத்தனை கடுப்பு என்பதுதான் இன்றைய பேச்சு. தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தையல் கடைக்காரர்: எங்கள் தெரு வாய்க்கால் மூன்று மாதமாக அடைத்துக்கிடக்கிறது. எம்.எல்.ஏ.விடம் நான்கு தடவை சொல்லியாகிவிட்டது. அவர் எதற்குத்தான் இருக்கிறார்?

சட்டம் போட. வாய்க்கால் உள்ளாட்சி வேலை. ஆனால் நீங்கள் அவரிடம் போனதிலும் தப்பில்லை, வேறு யார் இருக்கிறார்கள்? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968 இல் நடந்தது. அப்புறம் 2006 இல். நடுவில் 38 வருடம்! 2006 இல் ஜெயித்தவர்களின் காலம் 2011 இல் முடிந்தது. 2021 இல் தேதி அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. கவுன்சிலர் என்றால் யார் என்றே தெரியாமல் ஓட்டுரிமை வாங்கிய பிள்ளைகள் இங்கே உண்டு.

இன்னொரு கணக்கும் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாகச் சுமார் இரண்டரை லட்சம் வாக்காளர். இங்கே சுமார் பத்து லட்சம் வாக்காளருக்கு 30 தொகுதி, அதாவது தொகுதிக்குச் சுமார் 33,000 பேர். எம்.எல்.ஏ.வுக்கு உங்கள் அப்பா பெயர் தெரியும், வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியிருப்பார். கோப்போடு ஒரு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் காலை ஆறரைக்கு நான் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் முதியோர் பென்ஷனுக்கு ஒரு பாட்டி, ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சிபாரிசுக்கு ஒருவர், தெருவிளக்குக்கு நான்கு பேர். வாயில் பிரஷ்ஷோடு மனுவை வாங்கி, "பார்த்துக்கலாம் போ" என்றார். ஆறு பேருக்கும் அதே "பார்த்துக்கலாம்"தான். எங்கோ கோட்டையில் இருப்பவர் செய்யாவிட்டால் அலுப்பு வரும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் செய்யாவிட்டால்தான் வயிறு எரியும்.

அது சரி, மனு எழுதிக் கொடுத்தீர்களா? தேதி முத்திரையோடு ரசீது வாங்கினீர்களா? வாயால் சொன்னது மனு ஆகாது.

கல்லூரி மாணவர்: நோட்டாவுக்குப் போட்டால் பயப்படுவார்களா?

2013 இலிருந்து அந்தப் பொத்தான் இருக்கிறது. நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் எம்.எல்.ஏ. நீங்களே முடிவு செய்யுங்கள் தம்பி.

ஓய்வுபெற்ற ஆசிரியை: மாநில அந்தஸ்து வந்தால் இந்தக் குறையெல்லாம் தீருமா?

பாதி தீரும் அம்மா. 1963 ஆம் ஆண்டு யூனியன் பிரதேசச் சட்டப்படி, அமைச்சரவையும் துணைநிலை ஆளுநரும் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு டெல்லிக்குப் போகும். மாநிலம் இல்லை என்பதால், மாநிலங்களுக்கு வரிப்பணத்தைப் பிரித்துத் தரச் சொல்லும் நிதிக்குழுவிலும் நமக்கு இடமில்லை. ஓட்டு வாங்கியவர் ஒருவர், கையெழுத்து இன்னொருவருடையது. யாரைத் திட்டுவது என்றே தெரியாது. ஆனால் வாய்க்காலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தஸ்து வந்தாலும் வாய்க்கால் தானாகத் திறக்காது.

கடலூர் மாவட்டத்துக்காரர்: எங்கள் ஊரில் 2022 இல் தேர்தல் நடந்தது, கவுன்சிலர் இருக்கிறார். வாய்க்கால் உங்கள் ஊரைப் போலத்தான். கவுன்சிலர் வந்தால் மட்டும் என்ன கிழித்துவிடுவார்?

தையல் கடைக்காரர்: திட்டுவதற்காவது ஒருவர் இருக்கிறாரே ஐயா!

கடலூர் மாவட்டத்துக்காரர்: எங்களுடையவரை அனுப்பி வைக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

அடடா, சண்டை வேண்டாம். ஆனால் கடலூர்க்காரர் கேட்டதுதான் இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. கையில் பணம் இல்லாத கவுன்சிலர், கமிஷனர் அறைக்கு வெளியே நிற்கும் இன்னொரு மனுதாரர், அவ்வளவுதான். கேரளத்தில் 1996 இல் மக்கள் திட்டம் கொண்டுவந்தபோது திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கே ஒதுக்கினார்கள். நம் மாகே கேரளத்துக்கு நடுவில்தானே இருக்கிறது? எல்லைக்கு அந்தப் பக்கம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பஞ்சாயத்துத் தேர்தல்; இந்தப் பக்கம் அதிகாரி. ஆக, தேர்தலும் வேண்டும், பணமும் வேண்டும். கவுன்சிலர் வந்தால் தன் வாசலில் கூட்டம் குறையும் என்று எம்.எல்.ஏ.க்களுக்கும் தெரியும். தேர்தல் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

மளிகைக் கடைக்காரர்: ஓட்டே வாங்காத நியமன எம்.எல்.ஏ.க்கள் சட்டசபையில் ஓட்டுப் போடலாமா?

போடலாம். மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம், 2018 இல் உச்ச நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. எனக்கு உடன்பாடில்லை, சட்டம் அப்படி.

ஆட்டோ ஓட்டுநர்: மாநில அந்தஸ்து கிடைத்தால்...

மேலே ஆசிரியைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இன்னொருவர்: மாநில அந்தஸ்து எப்போது கிடைக்கும்?

என்னிடம் ஜாதகம் இல்லை.

குடும்பத் தலைவி: ரேஷன் கார்டில் மருமகள் பெயர் சேர்க்கவில்லை.

குடிமைப்பொருள் துறைக்குப் போங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

தையல் கடைக்காரர்: ஐயா, இப்போதுதான் மனு கொடுத்துவிட்டு வருகிறேன். ரசீது கேட்டால் முத்திரை பேட் காய்ந்துவிட்டதாம், நாளைக்கு வரச் சொல்கிறார்கள்.

எங்கள் காலத்திலும் காயும். பேட்டில் நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒரு முத்திரை விழும். விடமாட்டேன் என்றால், நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவும் நீங்களே கொண்டுபோங்கள்.