விளம்பரக் காசை யார் கொடுப்பது?

கேள்வி: என் மகன் டெக்சஸில் ஒரு கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கர். ஊரில் ஒரு கார் ஷோரூம்காரர் விளம்பரத்தில் நடிக்கக் கூப்பிடுகிறார். பழைய மாணவர்கள் நடத்தும் 'கலெக்டிவ்' ஒன்றும் மாதாமாதம் பணம் தருகிறோம் என்கிறது. எல்லாவற்றையும் கல்லூரியே கொடுப்பதுதான் முறை என்கிறார் என் கணவர். யார் கொடுப்பது நியாயம்? (எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. மகன் எங்கள் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறான்.)
— ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. உங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நாலு பேர் கார் வாங்கினால் லாபம் ஷோரூம்காரருக்கு. அந்தக் கூலியை அவர்தான் தர வேண்டும், கல்லூரி எதற்கு? ஆனால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் விற்று, டிவி உரிமை விற்றுக் கல்லூரி சம்பாதிக்கிறதே, அதில் ஆடுகிற பிள்ளைகளுக்குப் பங்கு தர வேண்டியது கல்லூரிதான்.

இரண்டையுமே பல காலம் தடுத்து வைத்திருந்தது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக வீரர்கள் ஐந்து பேர் தங்களுக்குக் கிடைத்த மோதிரம், ஜெர்சி போன்றவற்றை விற்றார்கள், சலுகையில் பச்சை குத்திக்கொண்டார்கள் என்று 2010 டிசம்பரில் ஆளுக்கு ஐந்து ஆட்டம் தடை போட்டார்கள். சொந்தப் பொருளை விற்றதற்கு! 2021 ஜூனில், வீரர்களுக்கான சலுகைகளுக்கு வரம்பு போட்டதை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பிடி தளர்ந்தது. ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. இதைத்தான் சுருக்கமாக என்.ஐ.எல். என்கிறார்கள்.

அந்தச் சந்தில் நுழைந்தவைதான் கலெக்டிவ்கள். அணி ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படும் பணக்கார ரசிகர்களின் நன்கொடையைத் திரட்டி, விளம்பரம் என்று பெயர் வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். வாங்கிய பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கல்லூரி நேராகத் தர முடியாததால் கொல்லைப்புறமாக வந்த பணம் அது. ஆனால் ரசிகரின் உற்சாகத்தை நம்பி மாதச் செலவைத் திட்டமிட முடியாது. 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் உள்ள யு.என்.எல்.வி. பல்கலைக்கழக அணியின் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்லூகா, மூன்று ஆட்டமும் ஜெயித்த அணியை விட்டுப் பாதியில் விலகினார். வாய்வார்த்தையாகச் சொன்ன ஒரு லட்சம் டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு. முறைப்படி எதுவும் தருவதாகச் சொல்லவில்லை என்றது அங்குள்ள கலெக்டிவ். எழுத்தில் இல்லாத பேச்சுக்கு யார் சாட்சி?

இப்போது கொல்லைப்புறம் தேவையில்லை. 2025 ஜூனில், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்ததால், அதை ஏற்ற கல்லூரிகள் நேரடியாகவே வீரர்களுக்குக் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். வெளியார் தரும் பணம் 600 டாலரைத் தொட்டால் 'என்.ஐ.எல். கோ' என்ற தளத்தில் பதிய வேண்டும். அதிலும் கல்லூரியோடு தொடர்புள்ளவர் கொடுத்தால், உண்மையிலேயே வியாபாரத்துக்குத்தானா, தொகை நியாயமானதா என்று துருவுவார்கள். ஷோரூம்காரர் அந்த அணிக்கு நன்கொடை தருபவரா என்று விசாரியுங்கள். டெக்சஸில் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார்!

ஆகவே ஷோரூம் காசு ஷோரூமிடமிருந்து, ஆட்டத்துக்கான காசு கல்லூரியிடமிருந்து. கலெக்டிவிடம், "மாதப் பணத்துக்கு என் பையன் என்ன வேலை செய்ய வேண்டும்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, கடிதத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உண்மையான சிக்கல் அதுதான். ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. 21 வயதானதும் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினாலும் வெளிவேலைக்குக் கடும் கட்டுப்பாடு. அரை மணி நேரப் படப்பிடிப்பைக்கூட வேலை என்று சொல்லிவிட்டால், நீங்கள் காத்திருக்கும் கிரீன் கார்டுக்கே வினையாகலாம். கென்டக்கி கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ஷீப்வே மாணவர் விசாவில் இருந்தவர். 2022-இல் அணியோடு பஹாமாஸ் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே என்பதால், விளம்பர வேலைகளை அங்கேயே முடித்துக்கொண்டார். உங்கள் மகனுக்கு அது பொருந்துமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். கோச் சொன்னார், கல்லூரி அலுவலகம் சொன்னது என்று நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். வழக்கறிஞர் பதில் வரும்வரை ஷோரூம்காரரையும் கலெக்டிவையும் காத்திருக்கச் சொல்லுங்கள்.